லொறி வருமுன் லாச்சியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு மௌத்து வீட்டில் நாற்பது நாள் கழியுமுன்னே பழைய சாமான் எடுக்கிற லொறி ஒன்று வாசலில் வந்து நிற்கும். வருகிறவர்கள் மரியாதையானவர்கள்தான், ஸலாம் சொல்லித்தான் படி ஏறுவார்கள். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார்கள். எதையும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், புகழவும் மாட்டார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்வார்கள். அழுது களைத்த வீட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை. இடம் கிடைத்தால் போதும் என்று கொடுத்துவிடுவோம்.

போன வருடம் எங்கள் உம்மா மௌத்தானார். நாங்கள் நாலு பேர், மூன்று பெண்களும் ஒரு நானாவும். வாப்பா முன்னமே போய்விட்டார். லொறி வந்தது. அலுமாரி, பெட்டகம், இரண்டு சாய்மனைக் கதிரை, எல்லாவற்றுக்கும் ஐம்பத்தையாயிரம் என்றார்கள். அன்றே கொடுக்காமல் விட்டதற்குக் காரணம் பழைய சாமான் மேலிருந்த ஆசை இல்லை. பங்கு பிரிக்க வந்த மௌலவி வீடு, வளவு, நகை என்று எழுதிக்கொண்டு வந்து, "தளபாடமும் மையித்துட சொத்துதான். சந்தை விலை போட்டு எழுதுங்க. ஒரு கரண்டியெண்டாலும் அஞ்சு பங்குதான்" என்று சொல்லிவிட்டார். நானாவுக்கு இரண்டு, எங்களுக்கு ஒவ்வொன்று, ஆக ஐந்து. சந்தை விலை போட வேண்டுமென்றால் அது என்ன சாமான், எந்த மரம், எந்தக் காலம் என்று தெரிய வேண்டும். லொறிக்காரருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அவர் இலாபம் பார்ப்பது அந்த இடைவெளியில்தான்.

மொரட்டுவையில் ஐம்பது வருடம் வேலை செய்து ஓய்ந்த பாஸ் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தோம். சிங்களவர், எழுபது தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் இருந்தது ஒரு டோர்ச், ஒரு சின்னக் காந்தம், ஒரு குண்டூசி. பளபளக்கும் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. லாச்சியை இழுத்துக் கவிழ்த்தார், பெட்டகத்தைச் சரித்து அடியைப் பார்த்தார், அலுமாரிக்குப் பின்னால் புகுந்தார். முன்பக்கத்தை யாரும் பொலிஷ் பண்ணிவிடலாம், அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை என்பது அவர் கணக்கு. நூறு வருடம் காற்றுப் பட்ட மரம் பொலிஷ் இல்லாமலே ஒரு மங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அதிலும் நிறம் ஒரே சீராக இருக்காது. காற்றுப் பட்ட இடம் கறுத்திருக்கும், மூடியிருந்த இடம் வெளுத்திருக்கும். உள்ளும் புறமும் அடியும் ஒரே கபில நிறமாக இருந்தால் அது வயதின் நிறம் இல்லை, டப்பாவின் நிறம்.

பெட்டகம் குசினியில் கிடந்தது. உம்மா அதற்குள் அரிசியும் பெருநாளைக்கு எடுக்கிற பீங்கானும் வைத்திருந்தார். மூடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எங்களுக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். பாஸ் அதன் பக்கத்தில் குந்திவிட்டார், அரை மணித்தியாலம் எழும்பவே இல்லை. மூடி ஒரே பலகை, கிட்டத்தட்ட இரண்டடி அகலம். பலா மரம். அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை எடுக்கிற பலா இன்று எங்கே இருக்கிறது? இருந்தாலும் பலா தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூடியின் உட்பக்கத்தில் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தபோது, கடற்கரை மணலில் அலை வரைந்த மாதிரி மெல்லிய மேடு பள்ளம் தெரிந்தது. அது சீவுளி போன வழி. இயந்திரத்தில் சீவிய பலகை அப்படிக் கிடக்காது. மூலைகளில் புறாவின் வால் போல விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்திருந்தார்கள். ஒரு பல் தடிப்பு, அடுத்தது மெல்லிசு. கையால் வெட்டினால் அப்படித்தான் இருக்கும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் அது மெஷின் வேலை.

பூட்டைச் சுற்றி இருந்த தகட்டில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. பித்தளை. இப்போது வருகிற போலித் தகடுகளில் பல இரும்பின் மேல் பித்தளை நிறம் பூசியவை, காந்தம் ஓடிப்போய் ஒட்டும். இந்தப் பரீட்சை யாரும் வீட்டில் செய்யலாம், குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வைக்கிற காந்தமே போதும்.

உளுத்த துளைகளைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. துளை இருந்தால் பழசு என்று எல்லோரும் நினைப்பதால், புது மரத்தில் ட்ரில் போட்டுத் துளைக்கிறவர்கள் இருக்கிறார்களாம். குண்டூசியை விட்டுப் பாருங்கள். பூச்சி குடைந்தது உள்ளே வளைந்து வளைந்து போகும், ஊசி கொஞ்ச தூரத்திலேயே முட்டிக்கொள்ளும். ட்ரில் போட்டது நேராகப் போகும். இன்னொன்றும் உண்டு. பலகையின் மேற்பரப்பில் பூச்சியின் பாதை வாய்க்கால் மாதிரி நீளத்துக்குத் திறந்து கிடந்தால், பூச்சி அரித்த பிறகுதான் அந்தப் பலகையை அறுத்திருக்கிறார்கள். மரம் பழசாக இருக்கலாம், சாமான் புதுசு. பழைய வீட்டு வளையையும் கதவையும் அறுத்துப் புது மேசை செய்து, பழைய மேசை விலைக்கு விற்பது இப்படித்தான்.

ஸ்குரூவையும் பாருங்கள். தலையில் நட்சத்திரக் கீறல் போட்ட ஸ்குரூ 1930களில்தான் உலகத்துக்கே வந்தது. அது இருப்பதால் மட்டும் முழுச் சாமானும் புதுசு என்று சொல்ல முடியாது, இடையில் யாராவது திருத்தியிருக்கலாம். ஆனால் ஒல்லாந்தர் காலம் என்று விற்கிற அலுமாரியில் எல்லா ஸ்குரூவும் நட்சத்திரமாக இருந்தால், ஒல்லாந்தர் 1796ல் போய்விட்டார்கள் என்று விற்கிறவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

பெட்டகத்தை அந்தக் காலம் என்று பாஸ் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலம், நூறு வருடத்துக்குக் குறையாது என்றார், அதற்கு மேல் அடித்துச் சொல்ல மறுத்துவிட்டார். அந்த மறுப்பினாலேயே அவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

இடையில் ஒரு பேச்சு. தரம் 9 பிள்ளைகளிடம் இதைப் பற்றிச் சொன்னபோது ஒரு விஷயம் அவர்களுக்கு வியப்பாக இருந்தது. கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பெட்டகம் மட்டும் எங்கள் சொல். பாயில் இருந்து சாப்பிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிய வீடுகளுக்குள் கதிரையும் அலுமாரியும் யாரோடு வந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி விலை. சாமானைத் தெரிந்தாலும் சந்தையைத் தெரிய வேண்டுமே. இரண்டு சனிக்கிழமைகள் காலி வீதியோரக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் கறுத்த அலுமாரி ஒன்று நின்றது. "ஒல்லாந்தர் காலம் மெடம், இங்கிலாந்துக்காரங்க தேடி வாற அன்டீக் பைன்" என்றார் கடைக்காரர். விலை ஒரு இலட்சத்து அறுபதாயிரம். கடையின் பெயர் வேண்டாம். இந்த ஒரு வசனத்தில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து அவிழ்த்தோம்.

இங்கிலாந்தில் பழைய பைன் தளபாடத்துக்கு மதிப்பு உண்டு என்பது உண்மை. விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே குசினிக்கும் வேலைக்காரர் அறைக்கும் பைன் மரத்தில் மலிவாகச் செய்து, மரம் தெரியாதபடி பெயின்ற் அடித்து வைத்தார்கள். நூறு வருடம் கழித்து அந்தப் பெயின்றைச் சுரண்டி எடுத்து மரத்தைக் காட்டுவது நாகரிகமாயிற்று. ஏழையின் அலுமாரி பணக்காரர் வரவேற்பறைக்கு ஏறிய கதை அது. ஆனால் அது அங்கத்தைய கதை. இலங்கைக் காட்டில் தானாக முளைத்த பைனஸ் ஒன்றும் இல்லை. மலைநாட்டில் நாங்கள் காண்கிற பைனஸ் தோப்புகளில் பெரும்பாலானவை போன நூற்றாண்டின் பிற்பகுதியில் வனத் திணைக்களம் நட்டவை. ஒல்லாந்தர் இங்கே தளபாடம் செய்வித்தது இங்கத்தைய மரத்தில்: கருங்காலி, முதிரை, பலா, நெதுன், இன்று காண்பதே அரிதான கலமந்தர். இத்தனை மரம் காலடியில் கிடக்கும்போது கறையானுக்கு அல்வா மாதிரி இருக்கிற பைனஸை யார் தேடிப் போவார்? "அன்டீக் பைன்" என்பது வேறொரு இடத்திலும் இருக்கிறது. வார்னிஷ் டப்பாக்களில் அது ஒரு நிறத்தின் பெயர். அந்தக் கடைக்காரர் ஒருவகையில் உண்மையைத்தான் சொன்னார்.

பைனஸை அடையாளம் காண்பது கஷ்டம் இல்லை. தூக்கிப் பார்த்தால் பாரம் இருக்காது. நகத்தால் அழுத்தினால் பதியும். வட்ட வட்டமாகக் கறுத்த கணுக்கள் இருக்கும். மறைவான மூலையில் கொஞ்சம் தேய்த்தால் குங்கிலியம் போன்ற பிசின் வாசம் வரும். பொலிஷ் போட்டு மறைத்தாலும் ஒரு இடத்தில் காட்டிக்கொடுக்கும். பைனஸில் மெதுவான வரியும் கெட்டியான வரியும் மாறி மாறி வரும். மெதுவான வரி சாயத்தைக் குடித்துக் கறுத்துவிடும், கெட்டியானது குடிக்காமல் வெளிறி நிற்கும். இயற்கையில் வெளிறிய வரி கறுப்பாகவும் கறுத்த வரி வெளிறியும் தெரியும், பழைய ஃபில்ம் சுருளில் முகம் தெரிகிற மாதிரி. ஒரு தரம் பார்த்துவிட்டால் பிறகு எங்கே கண்டாலும் தெரியும். பைனஸ் கெட்ட மரம் என்று சொல்லவில்லை. பைனஸ் என்று சொல்லி, பைனஸ் விலைக்கு விற்றால் பிள்ளைகளின் புத்தக றாக்கைக்கு நல்ல மரம்.

இனித்தான் எங்கள் வீட்டு விஷயம்.

அலுமாரிக்கு ஆள் வந்தார். கொழும்பிலிருந்து ஒரு தம்பதி, புது வீட்டுக்குப் பழைய அலுமாரி தேடுகிறவர்கள். முன்பக்கம் தேக்கு, நல்ல கண்ணாடி, அசல் பூட்டு, திறப்புக்கூட இருந்தது. தொண்ணூறாயிரத்துக்குச் சம்மதித்தார்கள். அடுத்த வெள்ளி வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போனார்கள்.

அந்த அலுமாரியின் முதுகு பைனஸ். 2017 மே மாத வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணி நின்றது. அலுமாரியின் பின்பலகையும் கீழ்த் தட்டும் ஊறி, பிறகு கறையான் பிடித்தது. சாமான் வந்த பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைனஸ் பலகையை அடித்து, கறுப்புப் பொலிஷ் போட்டு உம்மா திருத்தி வைத்தார். சுவரோடு நிற்கிற சாமான், யார் பின்னால் பார்க்கப் போகிறார்கள்? வந்த தம்பதியும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

அன்று இரவு நாலு பேரும் உம்மாவின் விறாந்தையில் இருந்தோம். "அவங்க கேட்டா செல்லுவோம். கேக்காட்டி நாங்க ஏன் வாயத் தொறக்கோணும்? பார்த்துத்தானே வெல பேசின" என்றார் நானா. நானா களவான மனிதர் இல்லை. த்ரீவீல் லீசிங் இரண்டு மாதம் கட்டாமல் கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். விலை இருபதாயிரம் இறங்கினால் அதில் எட்டாயிரம் அவர் பங்கு. எங்களுக்கு ஆளுக்கு நாலாயிரம். மூத்த ராத்தாவுக்கு மச்சான் இல்லை, நாலாயிரம் என்பது அவருடைய மகனின் ஒரு மாத டியூஷன் காசு. ஆகவே பேசுவது லேசாக இருக்கவில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, மனிதர்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். குத்பாவில் எத்தனை தரம் கேட்டிருப்போம். கேட்கும்போது அந்த வியாபாரி வேறு யாரோவாகத்தான் தெரிகிறார்.

நடு ராத்தாதான் பேசினார். "மொரட்டுவ பாஸ் வராட்டி அந்தக் கடையில ஒரு லட்சத்தி அறுபதுக்கு நாங்களே ஏமாந்திருப்போம். அவருக்கு ஏசிக்கொண்டு வந்திட்டு இங்க என்ன செய்யப்போற?" நானா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஃபோனை எடுத்து நடு ராத்தாவிடம் கொடுத்தார். "நீயே செல்லு. ஏன்ட வாயால வராது" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பின்பலகையையும் கீழ்த் தட்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. வரமாட்டார்கள் என்று முடிவே பண்ணிவிட்டோம். மூன்றாம் நாள் எழுபதாயிரம் என்றார்கள். கொடுத்தோம்.

பெட்டகத்தை மூத்த ராத்தா கேட்டார், விற்க வேண்டாம் என்று. இரண்டு பேரிடம் விலை கேட்டோம், ஒருவர் எழுபத்தையாயிரம், மற்றவர் எண்பத்தையாயிரம். நடுவில் எண்பதாயிரம் என்று எழுதினோம். அதில் ராத்தாவின் பங்கு பதினாறாயிரம், மீதி அறுபத்து நாலாயிரம் மற்ற மூன்று பேருக்குச் சேர வேண்டியது. காசாக இல்லை, வீட்டுப் பங்கில் கழிப்பதாக எழுதிக் கையொப்பம் போட்டோம். "ராத்தாதானே, சும்மா எடுக்கட்டும்" என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். ஆனால் முதலில் பங்கு என்னவென்று தெரிந்த பிறகு அவரவர் விரும்பி விட்டுக்கொடுப்பது வேறு, விலையே போடாமல் குப்பை என்று ஒதுக்குவது வேறு. எங்கள் ஊரில் பெண்களின் பங்கு அதிகமாகக் கரைவது காணியிலோ வீட்டிலோ இல்லை, "அது பழசு, அதுக்கென்ன வெல" என்று சொல்கிற சாமான்களில்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். மறுக்கிறவர்கள் கீழே எழுதலாம்.

கதிரை இரண்டும் பன்னிரண்டாயிரம் வீதம். ஒன்று விற்றது, பிரம்பு பின்னல் அறுந்திருந்ததைச் சொல்லித்தான். மற்றதை நானா எடுத்தார், கழிவோடு. எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எழுபத்து நாலாயிரம். லொறி சொன்னது ஐம்பத்தையாயிரம். பாஸுக்குக் கொடுத்தது போக்குவரத்துக் காசும் மூவாயிரமும், அதையும் முதலிலேயே கழித்துத்தான் பிரித்தோம்.

டோஹாவில் இருக்கிற மச்சி ஒருவர் பெட்டகத்தைக் கண்டெய்னரில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வெளிநாட்டு உறவுகள் உள்ள வீடுகளுக்காக இதையும் எழுதுகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு முந்திய தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அதைவிடப் புதிய சாமானாக இருந்தாலும் ஏற்றுமுன் தொல்பொருள் திணைக்களத்திலும் சுங்கத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. துறைமுகத்தில் போய் நின்று வயதை நிரூபிப்பது பெரிய கரைச்சல்.

பெட்டகத்தைக் கழுவ வேண்டாம், சுரண்ட வேண்டாம், புதுப் பொலிஷ் போட வேண்டாம் என்று பாஸ் ராத்தாவிடம் படித்துப் படித்துச் சொன்னார். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, காயவைத்து, கொஞ்சம் மெழுகு. அவ்வளவுதான். பளபளக்க வைத்தால் விலை பாதியாகிவிடுமாம். ராத்தா கேட்கிறாரா தெரியாது, போன கிழமை பார்த்தபோது மூடியில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இப்போது இரண்டு வீடுகளில் பங்குப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். லொறியும் ஒரு தரம் வந்துபோனதாம். பாஸின் நம்பர் வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அவரிடம் அனுமதி கேட்டுத்தான் தருவோம். டோர்ச்சும் காந்தமும் குண்டூசியும் எங்களிடம் இருக்கிறது. கிழமை நாட்களில் அஸருக்குப் பிறகு வரலாம், சனிக்கிழமை பத்து மணி வரை வகுப்பு.